விரல் பின்னல்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்க்க வேண்டும்

ஊசி வேண்டாம், குரோஷே கொக்கி வேண்டாம், ஒரு உல்லன் நூல் உருண்டையும் கையும் போதும். விரல் பின்னலைப் பற்றி எல்லோரும் முதலில் சொல்வது இதுதான். உண்மைதான். ஆனால் ஊசி இல்லாததால் வருகிற சிக்கல் ஒன்று உண்டு. ஊசியில் பின்னும்போது கண்ணியின் அளவை ஊசியின் பருமன் பார்த்துக்கொள்ளும். இங்கே விரல்தான் ஊசி. விரல் வியர்க்கும், வீங்கும், மடங்கும், வலித்தால் தானாகச் சுருங்கும். அதனால் நூலில் தெரிகிற கோளாறுக்குப் பெரும்பாலும் காரணம் கையில் இருக்கும். நூலைக் குறை சொல்வதற்கு முன்னால் கையைப் பாருங்கள்.

நான் இதைக் கற்றுக்கொண்டது 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டதற்கு அடுத்து வந்த இரவுகளில். தெருவில் மின்சாரம் இல்லை. டிவி இல்லை, மின்விசிறி இல்லை. கோத்தகிரியில் வாழ்க்கைப்பட்ட சித்தி அப்போது எங்கள் வீட்டில் இருந்தார். மெழுகுவத்தியைக் கூட மிச்சம் பிடித்த அந்த நாட்களில், கண் பார்க்காமலே விரல் செய்யக்கூடிய வேலை இது என்று சொல்லிக்கொடுத்தார். அப்புறம் பல கோடை விடுமுறைகளில் மஞ்சக்குப்பத்து வீட்டுத் திண்ணையில் தெருப் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய அம்மாக்களுக்கும் நான் சொல்லிக்கொடுத்துவிட்டேன். அங்கே திரும்பத் திரும்ப வந்த புகார்களைத்தான், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே, கீழே தலைப்புகளாக வைத்திருக்கிறேன். உங்கள் புகார் எதுவோ அதற்கு நேராகப் போய்விடலாம். ஆனால் சரியாக நடந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் எங்கே பிசகியது என்று தெரியும். அதனால் அது ஒரு தடவை.

சரியாக நடந்தால்

வலது கைப் பழக்கம் உள்ளவர்கள் இடது உள்ளங்கை முகத்தைப் பார்க்கும்படி கையை வைத்துக்கொள்ளுங்கள். மோதிரம் இருந்தால் கழற்றிவிடுங்கள். நூலில் ஒரு சாண் வால் விட்டு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இடுக்கிப் பிடியுங்கள். இனி பாய் முடைவது போலத்தான். ஆள்காட்டிக்கு முன்னால், நடுவிரலுக்குப் பின்னால், மோதிர விரலுக்கு முன்னால், சுண்டு விரலுக்குப் பின்னால். சுண்டு விரலைச் சுற்றித் திரும்பும்போது நேர்மாறு: சுண்டு விரலுக்கு முன்னால், மோதிர விரலுக்குப் பின்னால், நடுவிரலுக்கு முன்னால், ஆள்காட்டிக்குப் பின்னால். போய்த் திரும்பினால் ஒரு சுற்று. உள்ளங்கைப் பக்கம் பார்த்தால் ஒவ்வொரு விரலிலும் ஒரு இழை தெரியும். அதற்கு மேலே, விரல் நுனிப் பக்கமாக, இன்னொரு சுற்று போடுங்கள். இப்போது விரலுக்கு இரண்டு இழை.

சுண்டு விரலில் தொடங்குங்கள். கீழே இருக்கிற இழையைப் பிடித்து, மேல் இழையைத் தாண்டி, விரல் நுனியையும் தாண்டி, கையின் பின்பக்கம் விட்டுவிடுங்கள். அடுத்து மோதிர விரல், நடுவிரல், கடைசியில் ஆள்காட்டி. விரலுக்கு ஒன்று மிஞ்சும். முதல் முறை மட்டும், இடுக்கி வைத்திருந்த வாலை ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் இடையே பின்பக்கம் தள்ளிவிடுங்கள். பிறகு மறுபடி ஒரு சுற்று, மறுபடி தூக்கல். அவ்வளவுதான் மொத்த வேலையும்.

நான்கைந்து சுற்று வரைக்கும் கையின் பின்னால் ஏதோ சிக்கு விழுந்திருப்பது போலத்தான் தெரியும். அங்கேதான் நிறையப் பேர் பிரித்துப்போட்டுவிடுகிறார்கள். எட்டாவது சுற்று வரை பொறுத்து, வாலைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துப் பாருங்கள். கயிறாகத் திரண்டு நிற்கும். விரலில் மாட்டியிருக்கும் ஒவ்வொரு இழையையும் இனிக் கண்ணி என்று சொல்கிறேன். வலையில் இருப்பதற்கும் நம் ஊரில் அதே பெயர்தானே.

“விரல் நுனி சிவந்துபோச்சு, கண்ணியைத் தூக்கவே முடியலை”

வருகிற புகார்களில் பாதிக்கு மேல் இதுதான். மற்ற பல கோளாறுகளும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

திருப்பாப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயில் பக்கம் பூக்கட்டி விற்கிற அக்கா ஒருவரிடம் ஒருநாள் நூலைக் கொடுத்துப் பார்த்தேன். அவருடைய கை வேகத்துக்கு இது பத்து நிமிட வேலை என்று நினைத்தேன். இடது கை இரண்டு விரலுக்கு நடுவே மல்லி மொட்டு இப்படி இரண்டு அப்படி இரண்டு, நார் ஒரு சுழற்று, ஒரு இழுப்பு. பேசிக்கொண்டே, சில்லறை கொடுத்துக்கொண்டே, பார்க்காமலே முழம் முழமாகக் கட்டுகிறவர். பாய் முடைகிற அந்த ஓட்டம் அவருக்கு ஒரே தடவையில் வந்துவிட்டது. ஆனால் மூன்றாவது சுற்றில் விரல் நுனி நாலும் வெளுத்துப்போனது. கண்ணி தோலோடு ஒட்டிக்கொண்டு ஏற மறுத்தது.

“அக்கா, இறுக்காதீங்க. இது பூ இல்லை.”

“இறுக்காம விட்டா உதுந்துடாதா பாப்பா?”

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. பூக்கட்டுவதில் ஒவ்வொரு சுழற்றுக்கும் ஒரு இழுப்பு உண்டு. இழுக்காவிட்டால் மொட்டு உதிரும். ஒயர் கூடை போடுகிறவர்களுக்கும் ஒவ்வொரு முடிச்சிலும் சுண்டி இழுத்துத்தான் பழக்கம். நம் வீட்டுப் பெண்களின் கை பிறந்ததிலிருந்து கற்றுக்கொண்டது இறுக்குவதைத்தான். விரல் பின்னல் அதற்கு நேர் எதிர். இதில் பிடிமானத்தைத் தருவது இறுக்கம் இல்லை. ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணி நுழைந்து நிற்பதுதான் பிடிமானம். இழுத்து இறுக்கினால் அடுத்த கண்ணி நுழைய இடம் இருக்காது.

சரிசெய்வது இப்படி. நூலைச் சுற்றும்போது வலது கை நூலை இழுக்கக் கூடாது, விரல் மேல் படுக்க வைக்க வேண்டும். உருண்டையிலிருந்து முன்கூட்டியே ஒரு முழம் நூலை உருவி மடியில் தளர்வாகப் போட்டுக்கொள்ளுங்கள். நூல் உருண்டையிலிருந்து நேராக வந்தால் அந்த உருண்டையின் பாரமே இழுத்துவிடும். சுற்றி முடித்ததும் ஒரு சோதனை: கண்ணிக்கும் விரலுக்கும் நடுவே மற்ற கையின் சுண்டு விரல் நுனி தாராளமாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் அந்தச் சுற்றைப் பிரித்து மறுபடி போடுங்கள். இன்னொன்று, கண்ணிகள் விரலின் அடியில் இருக்கட்டும், நடு மூட்டுக்கு மேலே ஏற விடாதீர்கள். விரல்களை விறைப்பாக நீட்டாமல், கொஞ்சம் முன்னால் சாய்த்து வைத்தால் தூக்கும்போது கண்ணி தானாக வழுக்கிக்கொண்டு வரும்.

ஏற்கெனவே இறுகிவிட்டதா? ஆள்காட்டியில் தொடங்காதீர்கள். எந்த விரலில் அதிகம் வலிக்கிறதோ அதன் கண்ணியை விரலின் பின்பக்கத்திலிருந்து சற்று நிமிண்டி இழுத்தால் பக்கத்து விரலின் நூல் கொஞ்சம் இங்கே வரும். அப்படி ஒரு விரலிலிருந்து இன்னொன்றுக்கு நூலைத் தள்ளிக்கொண்டே போய் ஆள்காட்டிப் பக்கம் உருண்டை நூலிலிருந்து ஈடுகட்டலாம். விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்துப்போனாலோ அதையும் செய்யாதீர்கள். எல்லாவற்றையும் உடனே கழற்றிவிடுங்கள். வேலை வீணானாலும் போகட்டும். பிள்ளைகள் நூலை விரலில் சுற்றியபடியே தூங்கிப்போகவும் விடக்கூடாது.

பழைய பனியன் துணியைக் கீறி நூலாக்கிப் பின்னுகிறவர்களுக்கு இந்த வலி இரட்டிப்பாக வரும். பனியன் துணி இழுபடும், இழுபட்டது மறுபடி சுருங்கும். சுற்றும்போது சரியாக இருந்த கண்ணி இரண்டு நிமிடத்தில் விரலைக் கவ்வும். உல்லன் நூலுக்கு விடுவதைவிட அதிகமாகத் தளர்த்தி விடுங்கள். துணியைக் குறுக்கு வாக்கில், ஒன்றரை விரல்கடை அகலத்துக்கு வெட்டி, ஒரு தடவை நன்றாக இழுத்து ஓரம் உள்ளே சுருண்டுகொண்ட பிறகு பின்னுங்கள். தூண்டில் போடுகிற தங்கூஸ் நரம்பை மட்டும் யாரும் எடுக்காதீர்கள். ஒரு பையன் எடுத்துக்கொண்டு வந்தான். அது கண்ணியாக நிற்காது, விரலைத்தான் அறுக்கும்.

“ஒரு கண்ணி விழுந்துடுச்சு, கீழ வரைக்கும் ஓட்டையா போகுது”

முதல் வேலை: பின்னிய துண்டை இழுக்காதீர்கள். பதறி இழுத்தால்தான் அது ஓடும். மற்ற மூன்று விரலில் இருப்பது அப்படியே இருக்கட்டும். கையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். விழுந்த கண்ணி ஒரு சின்ன வளையமாக வாய் திறந்து நிற்கும். அதற்கு மேலே குறுக்கே படிப்படியாக நூல்கள் போகும், ஏணி மாதிரி. எத்தனை படி இருக்கிறதோ அத்தனை சுற்று ஓடியிருக்கிறது என்று கணக்கு.

வளையம் முன்னாலும் ஏணிப்படி பின்னாலும் இருக்கும்படி துண்டைத் திருப்பிக்கொள்ளுங்கள். ஒரு கொண்டை ஊசியின் வளைந்த பக்கம் போதும், இல்லாவிட்டால் ஆள்காட்டி விரலும் கட்டை விரலுமே போதும். வளையத்துக்குள் நுழைந்து, எல்லாவற்றிலும் கீழே இருக்கிற படியைப் பிடித்து, வளையத்தின் வழியாக முன்னால் இழுங்கள். இப்போது அந்தப் படியே புது வளையம். அதற்குள் நுழைந்து அடுத்த படி. மேலே போகப் போக ஓட்டை மூடிக்கொண்டே வரும். கடைசிப் படி வளையமானதும் அதை வெறுமையாக இருந்த விரலில் மாட்டுங்கள். ஒரு படியைத் தவறவிட்டால் பின்னால் ஒரு நூல் தொங்கலாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் மேலே போகாமல் அதற்கே திரும்பிப் போங்கள்.

மாட்டும்போது கண்ணி முறுக்கிக்கொள்ளாமல் பாருங்கள். முறுக்கி மாட்டினாலும் பின்னல் நிற்கும். ஆனால் அந்த இடம் மட்டும் பக்கத்துக் கண்ணிகளைவிடக் குறுகித் தனியாகத் தெரியும்.

இது ஒரு தடவை கைவந்துவிட்டால் கண்ணி விழுவது பயமாகவே இருக்காது. அதனால் நான் பிள்ளைகளுக்கு இரண்டாவது நாளே வேண்டுமென்றே ஒரு கண்ணியை நழுவ விட்டு ஏற்றிக் காட்டச் சொல்கிறேன்.

“ஆள்காட்டி விரல்ல மட்டும் கழண்டுகிட்டே இருக்கு”

ஆள்காட்டியின் மேல் கண்ணியை ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள நடுவிரல் இருக்கிறது. மறுபக்கம் எதுவும் இல்லை, நூல் நேராக உருண்டைக்குப் போகிறது. கட்டை விரல் அதைப் பிடித்திருந்தால்தான் உண்டு. தூக்குகிற ஆர்வத்தில் கட்டை விரல் விட்டுவிடும். அதுதான் காரணம். உருண்டை நூலைக் கட்டை விரலால் ஆள்காட்டியின் அடியோடு அழுத்தியபடியே தூக்குங்கள். தூக்கலைச் சுண்டு விரலில் தொடங்கி ஆள்காட்டியில் முடிக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

“ஒரு விரல்ல மட்டும் மூணு இருக்கு”

போன சுற்றில் அந்த விரலில் தூக்க மறந்திருக்கிறீர்கள். அடியில் இருக்கிற இரண்டையும் சேர்த்து ஒரே தடவையில் தூக்கித் தாண்டி விடுங்கள். அந்த இடத்தில் ஒரு சின்னத் தடிப்பு தெரியும், இழுத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் இதற்கு மறுபக்கம்: சுற்றும்போது அந்த விரலைத் தாண்டிவிட்டீர்கள். அங்கே தூக்கினால் கண்ணி விழுந்துவிடும். அதனால் தூக்குவதற்கு முன் எண்ணுங்கள், நாலு விரல், எட்டு இழை.

“நாலு விரல்ல ஆரம்பிச்சேன், பட்டை குறுகிட்டே வருது”

இரண்டு காரணம். சுண்டு விரல் களைத்து மடங்கிவிடுகிறது, அதன் கண்ணி யாரும் பார்க்காதபோது நழுவிவிடுகிறது. மேலே சொன்ன ஏணி வேலையைச் செய்யுங்கள். இன்னொரு காரணம், போகப் போகக் கை இறுகுவது. தொடக்கத்தில் பின்னியதையும் இப்போது பின்னுவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருந்து அகலம் மட்டும் குறைந்திருந்தால் இறுக்கம்தான். கையை உதறிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு நாலு விரல் வேண்டாம். ஆள்காட்டி, நடுவிரல் இரண்டு மட்டும் போதும், எட்டு வடிவத்தில் சுற்றச் சொல்லுங்கள். சன்னமாக, உறுதியாக ஒரு கயிறு வரும். சுண்டு விரலோடு மல்லுக்கட்டுகிற அழுகையும் இருக்காது.

“ஒரு ஓரம் தொளதொளன்னு இருக்கு”

பெரும்பாலும் அது ஆள்காட்டி ஓரமாக இருக்கும். ஒவ்வொரு சுற்றும் அங்கேதான் திரும்புகிறது, நூல் அங்கேதான் மிஞ்சுகிறது. ஐந்து சுற்றுக்கு ஒரு தடவை துண்டின் அடியைப் பிடித்து நேராகக் கீழே இழுத்துவிட்டால் மிஞ்சிய நூல் எல்லாக் கண்ணிக்கும் பரவும். பக்கவாட்டில் இழுக்காதீர்கள். நடுவில் ஏணி போல இடைவெளி தெரிகிறது என்றால் அது வேறு: விரல்களை விசிறி மாதிரி விரித்து வைத்திருக்கிறீர்கள். விரல்கள் ஒன்றையொன்று தொட்டபடி இருந்தால் இடைவெளி அடைந்துவிடும்.

எல்லா இடமும் ஒரே மாதிரித் தொளதொளவென்று, கொசுவலை போலத் தெரிந்தால் நூல் சன்னம். ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கிற சாதாரண அக்ரிலிக் உல்லன் நூல் ஒற்றை இழையாக விரலுக்குப் போதாது. இரண்டோ மூன்றோ இழையைச் சேர்த்து, பால்பாயிண்ட் ரீஃபில் பருமனாவது வரும்படி எடுத்துக்கொள்ளுங்கள். வேறு வேறு நிறத்தைச் சேர்த்தால் பார்க்கவும் அழகு. ஆனால் தூக்கும்போது மூன்று இழையும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். ஒன்று பின்தங்கிவிட்டால் அது வெளியே தொங்கும்.

“கை வேர்த்து நூல் ஒட்டுது”

சித்திரை, வைகாசியில் கடலோரத்தில் இருக்கிற எல்லோருக்கும் இது வரும். நூல் தோலில் இழுபடும், இழுபட்டால் கை தானாக வலுவைக் கூட்டும், அப்புறம் முதல் புகாருக்கே போய்விடுவோம். பவுடர் போடுவது ஐந்து நிமிடம் தாங்கும், பிறகு மாவாகி நூலில் ஏறும். எனக்கு அது சரிப்படவில்லை. கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னோ, சாயங்காலம் கடல் காற்று வந்த பிறகோ உட்காருங்கள். அந்த மாதங்களில் அக்ரிலிக்கை விட்டுப் பருத்தி நூலுக்கு மாறுவது இன்னும் நல்லது. பருத்தி வியர்வையைக் குடித்துக்கொள்ளும். பழைய வாயில் புடவையைக் கிழித்த துணி நாடாவும் இதமாக இருக்கும்.

“நூல் தீர்ந்துபோச்சு, எப்படி ஒட்டறது?”

முதலில், எவ்வளவு நூல் பிடிக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் நல்லது. என் கைக்கு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு சாண் போகிறது. ஒரு முழக் கயிறு வேண்டுமானால் பதினைந்திலிருந்து இருபது முழம் நூல் கைவசம் இருக்க வேண்டும். உங்கள் கையில் ஒரு சுற்றை உருவி அளந்து பார்த்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும். மிச்சம் ஒரு முழத்துக்குக் கீழே போனதும் ஒட்டிவிடுங்கள். சுற்றின் நடுவில் தீர்ந்தால்தான் கஷ்டம்.

தடித்த நூல் என்றால் முடிச்சே வேண்டாம். பழைய நூலின் கடைசி முழத்தோடு புது நூலைச் சேர்த்துப் பிடித்து, இரண்டையும் ஒரே நூலாக எண்ணி ஒரு சுற்று போடுங்கள். அப்புறம் புது நூலில் மட்டும் தொடருங்கள். அந்த ஒரு சுற்று சற்றுத் தடித்துத் தெரியும். தெரிந்தால் என்ன, உறுதியாக நிற்கும்.

சன்னமான நூலுக்கு முடிச்சுதான். பலரும் இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்து ஒரு கட்டு கட்டிவிடுவார்கள். அது பெரிய உருண்டையாக நிற்கும், கண்ணி அதைத் தாண்டாது. தேவனாம்பட்டினத்தில் படகு நிழலில் உட்கார்ந்து வலை சீர்செய்கிற ஒரு தாத்தாவிடம் என் நூலைக் காட்டினேன். அறுந்த இழையை அவர்கள் எப்படித் தட்டையாகச் சேர்க்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவர் வலை ஊசியைக் காதுக்கு மேல் செருகிக்கொண்டு, என் பச்சை நூலையும் மஞ்சள் நூலையும் வாங்கி, மெதுவாக இரண்டு தடவை போட்டுக் காட்டினார்.

பழைய நூலின் நுனியை இரண்டாக மடித்து ஒரு வளைவு செய்யுங்கள். புது நூலின் நுனி அந்த வளைவுக்குள் அடியிலிருந்து மேலே வரட்டும். வளைவின் இரண்டு கால்களையும் பின்பக்கமாகச் சுற்றி வரட்டும். சுற்றி வந்த நுனி மறுபடி வளைவுக்குள் போகக் கூடாது. புது நூல் வளைவிலிருந்து மேலே வருகிறதே, அந்த இழைக்கும் வளைவுக்கும் நடுவே, தன் இழைக்கு அடியிலேயே நுழைய வேண்டும். நான்கு பக்கமும் மெல்ல இழுத்தால் தட்டையாக அமர்ந்துவிடும். நெசவுக்காரர்கள் அறுந்த இழையைச் சேர்ப்பதும் இதே அமைப்பிலான முடிச்சால்தான். கடலும் தறியும் ஒரே முடிச்சைக் கண்டுபிடித்திருப்பதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

“பயந்துக்கிட்டு நுனிய ஒட்ட வெட்டாத. கொஞ்சம் வுட்டு வை,” என்றார் தாத்தா. அது நம் நூலுக்கும் பொருந்தும். அக்ரிலிக் வழுக்கும், அதனால் நான்கு விரல்கடை வால் விட்டு, அடுத்த இரண்டு சுற்றில் அந்த வாலையும் நூலோடு சேர்த்துப் பின்னிவிடுங்கள்.

“உருண்டை ஓடுது, சிக்காகுது”

ஒரு தூக்குவாளிக்குள் போட்டுவிடுங்கள். மூடியை லேசாகத் திறந்து அந்த இடைவெளி வழியாக நூல் வரட்டும். பெரிய கொட்டாங்குச்சியும் ஆகும். ஏற்கெனவே சிக்கானதை இழுத்துப் பிரிக்க முயலாதீர்கள், மேசையில் பரப்பி, சிக்கை அகலமாகத் தளர்த்திக்கொண்டே போனால் தானாக வழிவிடும்.

“பாதியில எழுந்து போகணும்”

குக்கர் விசில் அடிக்கும், வாசலில் யாராவது கூப்பிடுவார்கள். ஒரு பென்சிலோ ஐஸ் குச்சியோ பக்கத்தில் வைத்திருங்கள். சுண்டு விரலிலிருந்து வரிசை மாறாமல் கண்ணிகளை அதில் ஏற்றிவிட்டு, இரண்டு முனையிலும் ஒரு ரப்பர் பேண்ட். நீண்ட நாள் வைப்பதாக இருந்தால் பெரிய ஊக்கு நல்லது. நிறுத்துவது எப்போதும் விரலுக்கு ஒரு கண்ணி இருக்கிற நேரமாக இருக்கட்டும்.

திரும்ப மாட்டும்போது இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று குழம்பும். உருண்டை நூல் எந்தக் கண்ணியிலிருந்து கிளம்புகிறதோ அதுதான் ஆள்காட்டி. துண்டு கையின் பின்பக்கம் தொங்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் மற்றவை தானாகச் சரியாக இருக்கும்.

“முடிச்சு வச்சேன், மறுநாள் எல்லாம் உருவிக்கிட்டு வந்துடுச்சு”

எந்த நுனி பிரிந்தது என்று பாருங்கள். இந்தப் பின்னல் கடைசியாகப் பின்னிய பக்கத்திலிருந்துதான் சரசரவென்று உருவும். தொடங்கிய பக்கத்து வாலை இழுத்தால் அப்படி ஓடாது, சிக்கிக்கொள்ளும். ஆகவே கவனம் வேண்டியது முடிக்கிற இடத்தில். வெறுமனே கண்ணிகளை விரலிலிருந்து கழற்றி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முடிச்சு போட்டால் அதில் ஒரு கண்ணி தப்பித்துவிடும். அது போதும், முழுத் துண்டும் போய்விடும்.

விரலுக்கு ஒரு கண்ணி இருக்கும்போது நூலை ஒன்றரைச் சாண் விட்டு வெட்டுங்கள். சுண்டு விரல் கண்ணியை எடுத்து மோதிர விரலில், அங்கே இருப்பதற்கு மேலே, மாட்டுங்கள். கீழே இருப்பதை மேலே இருப்பதைத் தாண்டி விடுங்கள். மிஞ்சியதை நடுவிரலில் மாட்டி அதே வேலை. பிறகு ஆள்காட்டி. கடைசியில் ஒற்றைக் கண்ணி நிற்கும். அதை விரலிலிருந்து எடுத்து, வெட்டிய வாலை அதற்குள் நுழைத்து இறுக்குங்கள். இங்கே மட்டும் தாராளமாக இறுக்கலாம். பூக்கட்டுகிற அக்காவும் இந்த இடத்துக்கு வந்தபோதுதான் முதல் தடவையாக நிம்மதியாகச் சிரித்தார்.

மிச்ச வாலை வெட்டாமல் துண்டுக்குள்ளேயே ஐந்தாறு கண்ணி நுழைத்து மறைத்துவிடுங்கள்.

“பட்டையா வேணும், சுருட்டிக்குது”

இது கோளாறு இல்லை, இந்தப் பின்னலின் இயல்பு. ஒரு பக்கம் எல்லாக் கண்ணியும் ஒரே திசையில் நிற்பதால் ஓரம் சுருளும். அயர்ன் பாக்ஸ் வைத்துத் தேய்த்தால் படிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அக்ரிலிக்கில் சூடு பட்டால் நூல் தளர்ந்து பளபளவென்று நசுங்கிவிடும், திரும்பி வராது. பட்டை வேண்டுமானால் இரண்டு மூன்று துண்டைப் பக்கம் பக்கமாக வைத்து அதே நூலால் தைத்துவிடுங்கள். தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டுகிற பட்டைக்கும் கொலுப்படி ஓரத்துக்கும் சுருண்ட கயிறே அழகாகத்தான் இருக்கும். தூளி, தொட்டில் பக்கம் மட்டும் நீளக் கயிறு எதையும் கட்டித் தொங்கவிடாதீர்கள்.

“சூடான பாத்திரம் வைக்க வட்டமா தைச்சேன், கிண்ணமா குழியுது”

கயிறு பின்னத் தெரிந்ததும் எல்லோரும் செய்வது, அதை முறுக்குப் பிழிவது போல நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வட்டமாகத் தைப்பது. தைத்து முடித்துப் பார்த்தால் ஓரம் மேலே எழும்பி நிற்கும். காரணம் மறுபடியும் இழுவைதான். வெளிச்சுற்றுக்கு உள்சுற்றைவிட அதிக நீளம் வேண்டும். கயிற்றை இழுத்துப் பிடித்துத் தைத்தால் அந்த நீளம் கிடைக்காது, ஓரம் உள்ளே இழுக்கும், நடு குழியும். தளர்த்தி நிறைய விட்டால் இதற்கு மறுபக்கம், அப்பளம் எண்ணெயில் விழுந்தது போல ஓரம் நெளியும்.

கையில் தூக்கி வைத்துத் தைக்காதீர்கள். தரையிலோ பலகையிலோ கிடத்தி, கயிறு தானாக எங்கே படுக்கிறதோ அங்கேயே தையுங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் உள்ளங்கையால் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். எழும்பினால் அந்தச் சுற்றை மட்டும் பிரித்துக் கொஞ்சம் தளர்த்தித் தைக்க வேண்டும். இரண்டு மூன்று சுற்று தாண்டிய பிறகு கண்டுபிடித்தால் அவ்வளவையும் பிரிக்க வேண்டியிருக்கும். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் வைப்பதற்கு என்றால் பருத்தி நூலிலோ பருத்திப் புடவைத் துணியிலோ பின்னியதாக இருக்கட்டும். அக்ரிலிக் வட்டம் தண்ணீர்க் குடத்துக்கு அடியில் வைக்க ஆகும், சட்டிக்கு ஆகாது. அந்த அக்கா கடைசியில் பின்னியது ஒன்பது முழம். அதைத் தைத்த வட்டத்தின் மேல்தான் இப்போது அவருடைய பூக்கூடை உட்கார்ந்திருக்கிறது. ஓரம் எழும்பவில்லை.